ஏரிக்கு அடியில் எண்ணெய்: இலாபம் யாருக்கு, நட்டம் யார் தலையில்?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, புறக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பத்தியில் எதை எழுதப் போகிறேன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, அமெரிக்காக்காரன் அவன்ட ஏரிக்கு அடியால குழாய் போடுறான். அதுல எங்கட யாவாரத்துக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் இதைச் சுற்றாடல் செய்தியாகப் பார்க்காமல் ஒரு கொந்தராத்தாகப் பார்த்தால், கடை நடத்தும் எவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆகவே விடயத்தை ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

2,450 டொலர் பத்திரம்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் ஐந்து பேரேரிகள் உள்ளன. உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றில்தான் இருக்கிறது. மூன்று கோடிக்கும் அதிகமான மக்களுக்கு இதுவே குடிநீர். இந்த ஐந்தில் மிச்சிகன் ஏரியையும் ஹியூரோன் ஏரியையும் இணைக்கும் ஒடுங்கிய நீர்வழியின் பெயர் மெக்கினோ நீரிணை.

1953ஆம் ஆண்டு இந்த நீரிணையின் தரையில் எண்ணெய்க் குழாய் போடப்பட்டது. 'லைன் 5' எனப்படும் இக்குழாய்வழி விஸ்கொன்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரில் தொடங்கி, கனடாவின் சார்னியா நகர் வரை 1,038 கிலோ மீற்றர் ஓடுகிறது. நீரிணையை அடைந்ததும் 20 அங்குல விட்டமுள்ள இரண்டு குழாய்களாகப் பிரிந்து, சுமார் 7 கிலோ மீற்றர் தூரம் தண்ணீருக்குள் செல்கிறது. நாளொன்றுக்கு 540,000 பீப்பாய் வரை மசகு எண்ணெயும் திரவ எரிவாயுவும் இதில் போகலாம். உரிமையாளர் என்பிரிட்ஜ் என்ற கனேடிய கம்பனி.

ஏரித்தரையைப் பயன்படுத்த மிச்சிகன் மாநிலம் அன்று அறவிட்ட கட்டணம் 2,450 டொலர். அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. முடிவுத் திகதி என்று ஒன்று அந்தப் பத்திரத்தில் குறிக்கப்படவில்லை. குழாய்க்குக் கீழே தாங்கியில்லாத இடைவெளி 75 அடியைத் தாண்டக்கூடாது என்பது போன்ற சில நிபந்தனைகள் மட்டும் இருந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரவர்களில் அநேகருக்கு இப்படியொரு குழாய் இருப்பதே நினைவில் இருக்கவில்லை.

நாணயம் போன இடம்

அந்த நிலையை மாற்றியது வேறொரு குழாய். 2010 ஜூலையில் இதே கம்பனியின் 'லைன் 6பி' மிச்சிகனின் மார்ஷல் நகருக்கருகே வெடித்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. அங்கிருந்தவர்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு மீண்டும் எண்ணெயை அழுத்தி அனுப்பினார்கள். 17 மணி நேரம் இப்படியே கழிந்தது. கடைசியில் எண்ணெய் கசிகிறது என்று தொலைபேசியில் சொன்னவர் வெளியாள் ஒருவர்.

சுமார் 843,000 கலன், அதாவது 30 இலட்சம் லீற்றருக்கும் அதிகமான எண்ணெய் வெளியேறி, கலமசூ ஆற்றிலும் கலந்தது. துப்புரவுச் செலவு ஒரு பில்லியன் டொலரைத் தாண்டியது. அந்தக் குழாயில் வெடிப்புகள் இருப்பது 2005ஆம் ஆண்டுப் பரிசோதனையிலேயே தெரிந்திருந்தும் திருத்தப்படவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது.

வர்த்தகர்களாகிய நாம் இதை நன்றாக விளங்கிக்கொள்வோம். செலவான பணத்தை ஒரு கம்பனி மீண்டும் உழைத்துக்கொள்ளலாம். போன நாணயம் அப்படித் திரும்பி வராது. ஏரிக்கு அடியிலுள்ள குழாயும் இவர்களுடையதுதானே என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2018 ஏப்ரலில் ஒரு கப்பலின் நங்கூரம் நீரிணையில் இழுபட்டு, மின்வடங்களைச் சேதப்படுத்தி, இந்தக் குழாயிலும் பள்ளம் விழுத்தியது. குழாய் உடையாதது அல்லாஹ்வின் அருள் என்றுதான் நான் சொல்வேன்.

சுரங்கம் என்ற தீர்வு

2018 இறுதியில் அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்னைடரின் நிர்வாகமும் கம்பனியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஏரித்தரைக்குக் கீழே பாறையில் சுரங்கம் தோண்டி, புதிய குழாயை அதற்குள் கொண்டுசெல்வது என்பதே திட்டம். அன்றைய மதிப்பீடு 500 மில்லியன் டொலர். செலவு கம்பனியுடையது, சுரங்கம் மாநில அதிகார சபையுடையது, கம்பனிக்கு 99 வருடக் குத்தகை.

நங்கூரம் எட்டாது, கசிந்தாலும் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கும் என்று கம்பனி சொல்கிறது. கேட்க நல்ல கொடுக்கல் போலத்தான் தெரிகிறது. ஆனால் எதிர்ப்பு இன்னும் கூடியது. ஏன்?

முதலாவது, சுரங்கம் தோண்டி முடிய வருடக் கணக்காகும். அதுவரை 1953ஆம் ஆண்டுக் குழாயில்தான் எண்ணெய் ஓடும். இரண்டாவது, மூடிய சுரங்கத்துக்குள் திரவ எரிவாயு கசிந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் வாதிட்டனர். மூன்றாவது, உலகம் எண்ணெயைக் குறைக்கப் பார்க்கும் காலத்தில் 99 வருடக் குத்தகை எதற்கு என்ற கேள்வி.

எதிர்ப்பவர்கள் சுற்றாடல் அமைப்பினர் மட்டுமல்லர். நீரிணைக்கு அருகிலுள்ள மெக்கினோ தீவில் 1898 முதல் மோட்டார் வாகனத்துக்குத் தடை. குதிரை வண்டி, சைக்கிள், படகுச் சேவை, விடுதி, இனிப்புக் கடை என்று அந்தத் தீவின் பிழைப்பே தெளிந்த தண்ணீரை நம்பியது. இப்படியான தொழில் முயற்சியாளர்கள் பலர் சேர்ந்து 'பேரேரிகள் வர்த்தக வலையமைப்பு' என்ற பெயரில் குழாய்க்கு எதிராகக் குரல் கொடுத்தனர். ஒரு நாள் எண்ணெய் மிதந்தால் பல வருட வாடிக்கை போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2016இல், நீரோட்டத்தின் காரணமாக 1,100 கிலோ மீற்றருக்கும் அதிகமான கரையோரம் பாதிக்கப்படக்கூடும் என்று கணித்தது.

நமக்கும் இது புதிதல்ல. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது, மீன் பிடித்தவர் மட்டுமா பாதிக்கப்பட்டார்? சனங்கள் மீனுக்குப் பயந்ததால் மொத்த வியாபாரியும், ஐஸ் விற்றவரும், லொறிக்காரரும் சேர்ந்தே விழுந்தார்கள். நமது உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் நட்டஈடு என்று தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். இடையில் நான்கு வருடங்கள். சிறு வியாபாரியின் முதல் அவ்வளவு காலம் தாங்குமா?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குளிர்காலத்தில் வடமிச்சிகன் வீடுகள் பலவற்றுக்குச் சூடேற்றும் புரொப்பேன் வாயு இக்குழாய் வழியாகவே வருகிறது. ஒன்டாரியோ, கியூபெக், ஒஹாயோ சுத்திகரிப்பு நிலையங்களும் இதை நம்பியிருக்கின்றன. குழாயை நிறுத்தினால் பவுசரிலும் ரயிலிலும் ஏற்றவேண்டும், அதிலும் விபத்து உண்டு, விலையும் கூடும் என்று கம்பனியும், தொழிற்சங்கங்கள் சிலவும், மிச்சிகன் வர்த்தக சம்மேளனமும் வாதிடுகின்றன. எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற நமக்கு இந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

மூன்று பத்திரங்கள்

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இதன் பத்திரக் கணக்குத்தான்.

கம்பனி காட்டுவது 1953ஆம் ஆண்டுப் பத்திரம். நிபந்தனைகள் மீறப்பட்டதாகச் சொல்லி, ஆளுநர் கிரெச்சன் விட்மர் 2020 நவம்பரில் அதை ரத்துச் செய்து, 2021 மே மாதத்துக்குள் குழாயை மூடுமாறு அறிவித்தார். கம்பனி மூட மறுத்து நீதிமன்றம் போனது. அதற்கு முன்பே, 2019இல், மாநில சட்டமா அதிபர் டேனா நெசல் தனியாக வழக்குத் தொடுத்திருந்தார்.

கனடா காட்டுவது 1977ஆம் ஆண்டு இரு நாடுகளும் செய்த குழாய்வழி ஒப்பந்தம். எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கக்கூடாது என்று சொல்லும் அந்த ஒப்பந்தத்தை 2021 ஒக்டோபரில் அது முறைப்படி கையிலெடுத்தது.

மூன்றாவது பத்திரம்தான் மிகப் பழையது. 1836இல் ஒடாவா, ஒஜிப்வே பழங்குடியினர் பெரும் நிலப்பரப்பை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, மீன்பிடி, வேட்டை உரிமைகளைத் தமக்கென வைத்துக்கொண்டார்கள். மீன்பிடி உரிமை இன்னும் செல்லும் என்று 1979இல் நீதிமன்றமும் உறுதி செய்தது. நிலம் போய்விட்டது, அதற்கு ஈடாக மிஞ்சியது இந்தத் தண்ணீர்தான், அதையும் கேட்காமல் தோண்டுகிறீர்களா என்பது பே மில்ஸ் போன்ற பழங்குடிச் சமூகங்களின் கேள்வி. மற்ற இரண்டு பத்திரங்களையும் மதிக்கச் சொல்பவர்கள், முதலில் எழுதப்பட்ட பத்திரத்தை மட்டும் எப்படி மறப்பது?

இவ்வளவுக்கும் மத்தியில், மிச்சிகன் பொதுச் சேவை ஆணைக்குழு 2023 டிசம்பரில் சுரங்கத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. 2025இல் ஜனாதிபதி ட்ரம்ப் பிரகடனம் செய்த எரிசக்தி அவசர நிலையின் கீழ் இராணுவப் பொறியியலாளர் படை மதிப்பீட்டைத் துரிதப்படுத்தியது. பழங்குடிச் சமூகங்கள் பல அந்த மதிப்பீட்டு நடைமுறையிலிருந்து விலகிக்கொண்டன. எந்த நீதிமன்றத்தில் நெசலின் வழக்கு நடக்கவேண்டும் என்ற கேள்வியை மட்டும் தீர்க்க, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் அதை விசாரணைக்கு ஏற்றது. வழக்குத் தொடுத்து ஆறு வருடம் கழிந்தும் அவர்கள் வாசற்படியில்தான் நின்றார்கள்.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பொதுவான பங்காளிகள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். இந்தப் பிணக்கில் ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் நெருப்பு. இரண்டுமே பொதுச் சொத்து. ஒன்றுக்காக மற்றதைப் பணயம் வைக்கும்போது, எல்லாப் பங்காளிகளையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். 1953இல் அது நடக்கவில்லை. அன்று மிச்சம் பிடித்த பேச்சுக்கு இன்று வழக்குச் செலவாகக் கொடுக்கிறார்கள்.

ஹாஜியாருக்கு இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ட கடைக்குப் பின்னால உள்ள காணிய ஸ்டோருக்குக் கேக்குறாங்க. திகதி போடாத பேப்பர் ஒண்டுதான் கொண்டுவந்திருக்காங்க" என்றார்.

கையெழுத்து வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நாளைக்குப் பொறக்டர்ட காட்டிட்டுப் பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.