கணக்கில் வராதவருக்குச் சோறில்லை

கவி என்றால் இன்று சுற்றுலா. இடுக்கி எல்லையை ஒட்டி, வண்டிப்பெரியாறு வழியாக மலையேறினால் வரும் அந்த ஏலத்தோட்டங்களில் குடியிருப்போர் பலர் 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்கள். கேரள வன வளர்ச்சிக் கழகம் அவர்களுக்கு அங்கே வேலை கொடுத்தது. இந்தியா வராமல் தங்கியவர்களில் பலர், 1977 தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் தேயிலைத் தோட்டங்களை விட்டு வடக்கே வன்னிக்குப் போனார்கள். தமிழர் நடுவே இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை.

2009 தொடக்கத்தில் வன்னிப் போர்முனையில் சிக்கியிருந்தவர்கள் 70,000 பேர்தான் என்றது இலங்கை அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்கு ஏற்பவே அளந்து அனுப்பப்பட்டன, அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. மே மாதம் போர் முடிந்தபோது முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000 பேர் அளவில். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, எண்ணிக்கை வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது என்று 2011இல் எழுதியது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியில் உயிர் பிடித்து வைத்திருந்தவர்களின் நினைவாகத்தான் ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படுகிறது. குண்டு போடுவதை உலகம் பார்த்துவிடும். ஆளைக் குறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக்கூடாது; விளைநிலம், கால்நடை, குடிநீர், பாசனம் எதையும் அதற்காக அழிக்கக்கூடாது என்கின்றன ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகள். அவற்றில் சேராத நாடுகளையும் இந்த விதி வழக்காற்றுச் சட்டமாகக் கட்டுப்படுத்தும். 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தில் இதையே வலியுறுத்தியது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமருக்குப் பிறப்பித்த பிடியாணையில் காஸா மக்களைப் பட்டினி போட்ட குற்றச்சாட்டும் உண்டு. ஆனால் வன்னியில் சோறு மறுத்ததற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. சட்டம் பின்னால்தான் வரும். அதற்குள் நம் ஆள் பிழைத்திருக்க வேண்டும்.

நம் ஆள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது: போர் நடக்கும் நாடுகளிலும் நம்மவர் வேலை செய்கிறார்கள். 2021 மே மாதம் இஸ்ரேலின் அஷ்கலோனில் ராக்கெட் விழுந்து இறந்த பராமரிப்புப் பணியாளர் இடுக்கி மாவட்டத்துப் பெண். கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு.

பத்தாம் வகுப்பு தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். சூடான், ஏமன், லெபனான், ஈராக் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. அனுமதியோடு போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு சேர்ந்து வரும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம். "விசிட் விசாவில் போங்க, மத்ததை அங்க பாத்துக்கலாம்" என்கிற தரகர் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பறித்துவிடுகிறார். அப்படிப் போனவர் எந்த அரசின் பதிவிலும் தொழிலாளி இல்லை.

பத்தாவது தேறியவரும் இ-மைகிரேட் தளத்தில் விரும்பிப் பதியலாம். போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரும் தங்குமிடமும் கொடுத்துவிட வேண்டும். சிக்கிக்கொண்டவரின் பயணச் செலவுக்குத் தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. வீட்டார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் முறையிடலாம். தொடர்பே அறுந்துபோனால் செஞ்சிலுவைச் சங்கம் தேட உதவும், காசு வாங்காமல்.

கேரள-தமிழ்நாடு எல்லைக் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை. கேரளத்தவருக்கு நோர்கா ரூட்ஸ், தமிழ்நாட்டவருக்கு அயலகத் தமிழர் நலத்துறை. ரேஷன் கார்டு கம்பத்திலும் வேலை பீர்மேட்டு லயத்திலும் என்றால் இங்கே போனால் அங்கே போ என்பார்கள். ஆள் கிளம்பும் முன்பே எந்த மாநிலத்தில் பதிவது என்று கேட்டு முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், முதலாளியின் முகவரி இவற்றின் நகல் வீட்டில் ஒன்று இருக்கட்டும். ஏற்கெனவே போய்விட்டவரென்றால் இன்றைக்கே போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.