ஒரு வள்ளலும் பல மனுக்களும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காரியவட்டம் என்னும் பெயர் புதியதன்று. கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை அங்கேதான் இயங்குகின்றது. ஆயினும், அத்துறை ஒரு நன்கொடையினால் பிறந்தது என்பதை நம் இளைஞர்களுள் அறிந்தோர் சிலரே.

1937ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1957இல் அதுவே கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. இடையே, 1940களில், காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியார் 1 லட்சம் ரூபாய் வழங்க, அங்குத் தமிழ்த்துறை தோன்றியது. பேரறிஞர் வையாபுரிப் பிள்ளை அங்குப் பேராசிரியராக வீற்றிருந்தார். பின்னர் அத்துறையை நடத்திய வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் மொழியியல் துறையும் கிளைத்தெழுந்தது. ஒரு விதை இரு மரமான கதை இது.

அவ்வள்ளலை நாடியோர் நம் ஊரார் மட்டும் அல்லர். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி, சிதம்பரத்தில் பொறியியற் கல்லூரி, காரைக்குடியில் பல கல்லூரிகள், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் என அவர் கொடை விரிந்தது. கொடுக்கும் கை ஒன்று. கேட்கும் வாய் பல. இந்நிலை இன்றும் மாறவில்லை.

வேறு வேறு நிறுவனங்கள் கேட்பது இயல்பே. ஒரே பல்கலைக்கழகத்திற்குள்ளிருந்து நூலகத்தார் திங்களன்றும், விடுதியார் புதனன்றும், ஆய்வுத்துறையார் வெள்ளியன்றும் ஒரே செல்வரின் வாயிலில் நின்றால் என்னாகும்? அவர் மூவருக்கும் சிறு தொகை ஈந்து அனுப்பிவிடுவார். அல்லது முகம் சுளிப்பார். பெரிய கட்டிடம் ஒன்றுக்கு மனமுவந்து கொடுக்க இருந்தவர், சில்லறைக் கொடையோடு நின்றுவிடுவதும் உண்டு.

இதனைத் தவிர்க்கவே உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கெனத் தனி அலுவலகம் இருக்கின்றது. யாரிடம், எதற்காக, எவ்வளவு, யார் கேட்கப் போகின்றார் என்பது முன்னதாகவே அங்குப் பதிவாகும். இருவர் ஒருவரையே நாடினால், கொடுப்பவரின் விருப்பம் எத்துறையின்பால் என்று ஆராய்ந்து முறை வகுப்பர். மானியத்திற்கும் இது பொருந்தும். ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு விண்ணப்பமே ஏற்போம் என்று விதிக்கும் அறநிலையங்கள் உண்டு. அங்கே வீட்டுக்குள் முதலில் உடன்பாடு காணாதவர் வெளியே தோற்பது உறுதி.

ஒற்றுமையின் பயனுக்கு அண்மைக்காலச் சான்று ஹார்வர்டு தமிழ் இருக்கை. மருத்துவர்களான ஜானகிராமன், சம்பந்தம் ஆகிய இருவர் தலைக்கு 5 லட்சம் டாலர் அளித்துத் தொடங்கினர். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. பல நாட்டுத் தமிழர் சிறுகச் சிறுக ஈந்தனர். 60 லட்சம் டாலர் என்னும் இலக்கு 2018இல் நிறைவேறியது. கொடுத்தோர் ஆயிரக்கணக்கினர், கேட்ட நோக்கமோ ஒன்றே.

இன்னுமொன்றும் கருதத்தக்கது. அன்று ஒரு துறையைத் தோற்றுவித்த 1 லட்சம் ரூபாய், இன்று பேராசிரியர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்திற்கே போதாது. ஆகவே ஒரு முறை பெற்ற கொடையை நம்பிப் பல்லாண்டு வாழ இயலாது. முதலைக் காத்து வட்டியால் நடத்துவதும், முதலையும் அவ்வப்போது பெருக்குவதும் இன்றியமையாதன.

அன்பர்களே, நம்மை நாடியும் கல்லூரி மன்றங்களும் பழைய மாணவர் கூட்டங்களும் வருகின்றன. கொடுக்குமுன் மூன்று வினாக்கள் கேட்போம். இது துறைத்தலைவரும் பல்கலைக்கழகமும் அறிந்த வேண்டுகோளா? தொகை யார் பெயரில், எக்கணக்கில் சேரும்? ஆண்டுதோறும் கணக்குத் தருவீர்களா? இவ்வினாக்கள் அவமதிப்பல்ல, நேர்மையாய்க் கேட்பவருக்கு அரணேயாகும்.

நாமும் தமிழுக்கென்று கேட்கப் புறப்படுங்கால், சங்கம் ஒரு பக்கமும் மன்றம் ஒரு பக்கமும் செல்லாது, ஒரே மனுவாகச் செல்வோமாக. அயல்மொழி வழங்கும் மாநிலத்தில் தமிழ்த்துறையின் இருக்கைகள் வெறுமையாகாது காப்பது நம் கடன். சிதறிய குரலைவிடச் சேர்ந்த குரலுக்கே செவி சாய்ப்பர்.