வெந்நீர் பாய்லருக்கு எந்த விறகு?

சென்ற ஐப்பசியில் என் மகள் தலைப்பிரசவத்துக்காகக் காரியாபட்டிக்கு வந்திருந்தாள். பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அடைமழை பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைப் பிள்ளைக்கும் வெந்நீர் இல்லாமல் ஆகுமா? பின்கட்டில் இருக்கும் செம்பு பாய்லரில் விறகைப் போட்டு ஊதினேன், ஊதினேன், கண் எரிச்சல்தான் மிச்சம். விறகு நுனியில் நுரை கட்டி ‘உஸ்ஸ்’ என்றது. புகை ஜன்னல் வழியே உள்ளே போய், தொட்டிலில் கிடந்த பிள்ளை இருமத் தொடங்கியது.

எண்பது வயதைத் தாண்டிய என் மாமியார் எழுந்து வந்தார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார்.

“தொப்புத் தொப்புனு கேக்குது பாரு. ஏத்தா, நீ விறகு வாங்குனியா, தண்ணிய வாங்குனியா?”

“மழையில நனைஞ்சிருக்கும் அத்தை.”

“மேலுக்கு நனைஞ்சா ரெண்டு வெயிலுல காஞ்சிரும். இது உள்ளுக்குள்ள பச்சை. வெட்டி ஒரு மாசங்கூட ஆகியிருக்காது.”

அன்று கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிச் சமாளித்தோம். ஆனால் அத்தை கேட்ட கேள்வி மனதில் நின்றுவிட்டது. சமையலுக்கு கேஸ் வந்துவிட்ட வீடுகளிலும் குளிக்கிற வெந்நீருக்கு விறகு பாய்லர்தான் நம் பக்கம் இன்னும் ஓடுகிறது. சிலிண்டர் விற்கிற விலைக்கு வாளி வாளியாக வெந்நீர் போடக் கட்டுப்படியாகுமா? எனவே விறகைப் பார்த்து வாங்கத் தெரிந்திருப்பது நல்லது, சகோதரிகளே!

ஈரம்தான் முதல் எதிரி

வெட்டின கையோடு மரத்தை எடை போட்டால், அந்த எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீராக இருக்கும். நன்கு காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. கொதிக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஆகும் சூட்டை வைத்துக்கொண்டு, வேறு ஏழு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். பச்சை விறகு தன் ஈரத்தைத் துரத்தவே இத்தனை சூட்டைச் செலவழிக்கிறது. மிச்சம்தான் நமக்கு.

அதுமட்டுமல்ல. ஈரத்தால் தீ தணிந்து எரிவதால், விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமலே வெளியேறிவிடுகிறது. கண்ணைக் கரிக்கிற அந்தப் புகை, நாம் காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி.

அடுப்பைவிட பாய்லருக்கு இது இன்னும் முக்கியம். பாய்லரின் நடுவே இருப்பது ஒரே ஒரு குழாய். ஈர விறகு எரிந்தால் தார் போன்ற கரி அதன் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அப்புறம் காய்ந்த விறகையே போட்டாலும் சூடு தண்ணீருக்குப் போய்ச் சேராது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு கணக்கு: 15 லிட்டர் வாளியில் இரண்டு வாளித் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர, பாய்லரில் முக்கால்வாசிச் சூடு வீணாய்ப் போனாலும்கூட, முக்கால் கிலோ காய்ந்த விறகு தாராளம்.

எந்த மரம்?

நம் கரிசல் காட்டில் கைக்கு முதலில் கிடைப்பது சீமைக் கருவேலம். வேலிக்கருவை என்றும் சொல்வோம். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அப்போதைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்காகவே வளர்த்த மரம் இது. இன்று கண்மாயையும் தரிசையும் அடைத்துக்கொண்டதால், இதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. நிலத்துக்கு வேண்டாத மரம். ஆனால் விறகாக நல்ல மரம். கனமான கட்டை, நின்று எரியும், கங்கு நெடுநேரம் கனியும். காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். முள்தான் தொல்லை. ஆழமாக ஏறி உள்ளே ஒடிந்துவிடும். செருப்பில்லாமல் விறகுப் பக்கம் போகாதீர்கள். முள் ஏறிய இடம் வீங்கினால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நாட்டுக் கருவேலம், உடை, புளி ஆகியவையும் நின்று எரிகிறவை. சவுக்கு கிடைத்தால் விடாதீர்கள். உலகத்து நல்ல விறகுகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய மரம். வேம்பு எரியும் என்றாலும் விறகுக்காக வெட்ட வேண்டாம். கழித்த கிளை போதும்.

பருத்திமார், பனை மட்டை, தென்னை மட்டை எல்லாம் குப்பென்று பிடித்துக் குப்பென்று அணையும். பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முருங்கை, இலவம் போன்ற இளக மரங்களும் அப்படியே. சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலில், குச்சிக்கென்று இலேசான மரத்தைத்தான் தேடுவார்கள். குச்சி உரசியதும் பிடிக்க வேண்டும். பாய்லர் விறகுக்கோ நின்று எரிவதுதான் வேலை.

அரளியும் கள்ளியும் மட்டும் எந்த அவசரத்துக்கும் வேண்டாம். அரளி வேர் முதல் பூ வரை விஷம். கள்ளிப் பால் கண்ணுக்கு ஆகாது.

வாங்கும்போது கவனிக்க

1. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கேட்கும், பச்சை ‘தொப்’ என்று கேட்கும்.

2. வெட்டு முகத்தைப் பாருங்கள். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து கீறல் விட்டிருக்கும்.

3. பட்டையை நகத்தால் நெம்புங்கள். காய்ந்திருந்தால் கழன்று வரும். அடியில் பச்சை நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

4. எடைக்கு வாங்குவதானால் இன்னும் கவனம். கனமான பச்சைக் கட்டைக்குக் கொடுக்கும் காசில் பாதி தண்ணீருக்குப் போய்விடும்.

5. உங்கள் பாய்லரின் வாய் அளவைச் சொல்லி, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து தரச் சொல்லுங்கள். உருட்டுக் கட்டையைவிடப் பிளந்தது சீக்கிரம் காயும்.

எப்போது, எப்படி அடுக்குவது?

நம் ஊரில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே பங்குனி, சித்திரையிலேயே வாங்கிவிட வேண்டும். பிளந்த விறகு இரண்டு மூன்று மாத வெயிலில் நன்கு காய்ந்துவிடும். பருத்த கட்டைக்கு ஆறு மாதமாவது ஆகும். தரையில் போடாமல் செங்கல் வரிசை மேல் அடுக்குங்கள். காற்றுப் புக இடம் விடுங்கள். மழைக்கு மேலே மட்டும் தகரம் போதும். சுற்றிலும் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளேயே வெந்து பூஞ்சை பிடிக்கும். விறகடுக்கு தேளுக்கும் பாம்புக்கும் பிடித்த இடம். குச்சியால் தட்டிவிட்டுப் பிறகு கையை வையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

பாய்லரில் போடவே கூடாதவை

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் கழிவுகளை ‘நல்லாப் பிடிக்கும்’ என்று பற்றவைக்க எடுத்து வருகிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. காகிதக் குழாய், அட்டை, கழித்த குச்சி, திரித் துண்டு எதுவும் வேண்டாம்! அதில் ஒட்டியிருப்பது கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பொடி. குறுகிய குழாய்க்குள் அது பற்றினால் தீ வாய் வழியே முகத்துக்குத்தான் பாயும். மருந்து வேலைக்குப் போய்வருகிறவர்கள் உடை மாற்றி, கை கால் கழுவிய பிறகே தீ மூட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் பை, பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட் இவையும் கூடாது. அவற்றின் புகை நஞ்சு. எரிகிற தீயில் மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. பாய்லரில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் தீ. வெறும் பாய்லரில் தீ வைத்தால் பற்றுவைத்த இடம் உருகிவிடும்.

புகையும் பச்சைப் பிள்ளையும்

‘நாங்க எல்லாம் புகையிலேதானே வளர்ந்தோம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்குள் அடுப்புப் புகையைச் சுவாசிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வரும் அபாயம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கும் புகை ஆகாது. காய்ந்த விறகிலும் புகை அறவே இல்லாமல் போகாது, குறையும், அவ்வளவுதான். ஆகவே பாய்லர் எப்போதும் வெளியில், தொட்டில் இருக்கும் அறைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

மூடிய குளியலறைக்குள் பாய்லரையோ கரிச்சட்டியையோ வைக்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு என்று தொடங்கி ஆளையே மயக்கிவிடும். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் விட்டுவிடலாம். துண்டால் துவட்டினால் போதும். குளிப்பாட்டும் பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று கலந்து, முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தை 50 தடவை அல்லது அதற்கு மேல் விட்டாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எங்கள் பேரனுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. இருமல் அன்று சாயங்காலமே நின்றது. ஆனாலும் அந்த அரை நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பங்குனியில் வேலிக்கருவையைப் பிளந்து வாங்கி, செங்கல் மேல் அடுக்கி வைத்துவிட்டேன். பாய்லரையும் பின்கட்டிலிருந்து கொல்லைக் கோடிக்கு மாற்றியாயிற்று. தீபாவளிக்கு மகளும் பேரனும் வருகிறார்கள். நேற்று அத்தை மெல்ல நடந்து போய், அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை உருவித் தட்டிப் பார்த்தார்.

“இப்பச் சரியா இருக்குத்தா” என்றார்.