விழும் வேரும் அழுகும் வேரும்

“விழப்போகிற பல்தானே, அதற்கு எதற்கு வைத்தியம்?” நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் வினா இது. பால்பல் விழுவது உண்மையே. ஆயினும் அது விழும் முறையை அறிந்தோர் இவ்வாறு வினவார்.

ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தோன்றத் தொடங்கும் பால்பற்கள், மூன்று வயதளவில் 20 என நிறைவு பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் முழுமையான வேர் உண்டு. அங்ஙனமாயின், விழுந்த பல்லில் வேரைக் காணாதது ஏன்? கீழிருந்து நிலைப்பல் எழும்பி வருகையில், சில சிறப்பு உயிரணுக்கள் பால்பல்லின் வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றன. பற்றிழந்த பல் ஆடி விழுகிறது. 6 வயதளவில் முன்பல்லில் தொடங்கும் இந்நிகழ்வு 12 வயதளவில் முடிகிறது. இஃது இயற்கையின் ஒழுங்கு.

சொத்தையால் நேர்வதோ வேறு. எனாமலைத் துளைத்த கிருமிகள் பற்கூழை அடைந்தால் அது மடிகிறது. கடைவாய்ப் பால்பல்லின் வேர்களுக்கு இடையே சீழ் இறங்குகிறது. வேரும் எலும்பும் ஒழுங்கின்றி அரிக்கப்படுகின்றன. அவ்வேர்களின் கவட்டில்தான் நிலைப்பல்லின் முளை வளர்கிறது. சீழ் அதனைத் தாக்கின், பின்வரும் பல் கறையும் பள்ளமுமாய் முளைக்கலாம். இதனை ‘டர்னர் பல்’ என்பர் மருத்துவர்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போரைத் தாம்பரத்தில் கண்டிருக்கிறோம். பால்பல்லும் நிலைப்பல்லுக்காக அவ்வாறே இடம் பிடித்து வைத்துள்ளது. காலத்துக்கு முன்னரே கடைவாய்ப்பல் போய்விடின், பக்கத்துப் பல் சாய்ந்து அவ்விடத்தை அடைக்கும், நிலைப்பல் கோணலாகும்.

ஈறில் கொப்புளம், நிறம் மாறிய பல், இரவில் எழுப்பும் வலி ஆகியவை எச்சரிக்கைகள். வலி தானே நின்றதெனில் மகிழ வேண்டா. கூழ் மடிந்ததன் அடையாளமாகவும் அஃது இருக்கலாம். முகவீக்கமும் காய்ச்சலும் காணின் அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். மருத்துவர் நோயுற்ற கூழை அகற்றி, வேரோடு சேர்ந்து கரையக்கூடிய பசையை நிரப்புவார். பெரியோர் பல்லில் இடும் கரையாப் பொருள் இங்கு ஆகாது. பல்லைக் காக்க இயலாதவிடத்து அதனைப் பிடுங்கி, வேண்டுமாயின் இடங்காக்கும் கம்பி பொருத்துவார்.

பள்ளிக்கரணையிலும் இரத்தினமங்கலத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. தாம்பரத்தில் மின்தொடர் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உளது.

வருமுன் காப்பது எளிது. பாற்புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடலாகாது. ஃபுளூரைடு பற்பசையை மூன்று வயது வரை அரிசியளவும், அதன்பின் பட்டாணியளவும் இட்டு, நாளும் இருமுறை பெற்றோரே துலக்கிவிடல் வேண்டும்.

விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து பிள்ளை மகிழும் நாள் வரத்தான் போகிறது. அது சீழ்க்கட்டியால் முந்தாமல், உரிய காலத்தில் வரட்டும்.