புல்லட் ரோகன்

பந்தை எறிந்து, மட்டையால் அடித்து, சுற்றி ஓடும் ஆட்டமே பேஸ்பால். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1947 வரை அதன் பெரிய குழுக்கள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இராணுவத்திலும் அவர்களுக்குத் தனிப் படைகள். அந்தப் படைகளுக்குத் தனிக் குழுக்கள்.

1911இல் வில்பர் ரோகன் என்ற கறுப்பின இளைஞர் 24ஆம் காலாட்படையில் சேர்ந்து பிலிப்பைன்சில் பணியாற்றினார். பின்னர் ஹவாய்த் தீவில் 25ஆம் காலாட்படைக் குழுவில் ஆடினார். எறிவதிலும் வல்லவர், அடிப்பதிலும் வல்லவர். அவர் எறிந்த பந்தின் வேகமே ‘புல்லட்’, அதாவது துப்பாக்கிக்குண்டு, என்ற பட்டப்பெயரைத் தந்தது.

படையில் சாப்பாடும் சம்பளமும் உறுதி. பயிற்சிக்கு நேரமும் உண்டு. வெற்றி பெற்றால் படைக்கே பெருமை. ஆகவே, ஒதுக்கிவைத்த இடமே அவர்களுக்குப் பயிற்சிக்கூடமானது. 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் கறுப்பினத்தவருக்கென ஒரு தேசிய லீக்கைத் தொடங்கினார். அவ்வாண்டே ரோகனும், டோபி மூர் முதலிய படைத்தோழர்களும் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் குழுவில் இடம்பெற்றனர்.

பெரிய குழுக்களின் கதவு மட்டும் அவருக்குக் கடைசிவரை திறக்கவில்லை. 1967இல் மறைந்தார். பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 1998இல். 31 ஆண்டுகள் கழித்து.

ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், அவரிடம் திறமை இல்லை என்று நாம் முடிவுகட்டலாமா? கதவை மூடியவர் யார் என்றும் கேட்க வேண்டுமல்லவா?