பாலு மகேந்திராவின் 'வீடு': ஒரு கணக்கு

பாலு மகேந்திராவைப் பற்றிக் கதை வந்தால் எங்கள் ஆட்கள் ஒரு குறையையும் சொல்லியே முடிப்பார்கள்: "மட்டக்களப்பில் பிறந்தவர், எங்கள் போரைப் பற்றி ஒரு படமும் எடுக்கவில்லை." கோலியர்ஸ் வுட்டில் நாங்களும் இதைச் சொல்லியிருக்கிறோம். 'வீடு' படத்தைத் திரும்பப் பார்த்தபோது அந்தக் குறை பாதியாகிவிட்டது.

அவர் 1939 இல் அமிர்தகழியில் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 1974 இல் மலையாளப் படமான 'நெல்லு'க்கு ஒளிப்பதிவு செய்தார். 1977 இல் கன்னடத்தில் 'கோகிலா'வை எழுதி இயக்கினார். தமிழில் முதற்படம் 1979 இல் வந்த 'அழியாத கோலங்கள்'. 1982 இல் 'மூன்றாம் பிறை'. கதை, கமெரா, படத்தொகுப்பு என்று பல வேலைகளையும் தானே செய்தவர். அதனால் பெரிய முதலீடு இல்லாமலும் தான் நினைத்த படத்தை எடுக்க அவரால் முடிந்தது.

1988 இல் வெளிவந்த 'வீடு' அப்படிப்பட்ட படம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. சுதா என்ற பெண் தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். அதை விட்டு எழும்பச் சொல்கிறார்கள். ஒரு காணியை விற்று, நகையை விற்று, கடன் எடுத்து மற்றக் காணியில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கொந்தராத்துக்காரர் சீமெந்தில் கை வைக்கிறார். தாத்தா அரைகுறை வீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோகிறார். கடைசியில் அரசு அதிகாரி வந்து, இந்தக் காணி குடிநீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்டுவிட்டது என்கிறார். வழக்கோடு படம் முடிகிறது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் தன் அம்மா ஊரில் வீடு கட்டியபோது பட்ட பாடுதான் இதற்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் தெரிவது சென்னை. உள்ளே இருப்பது மட்டக்களப்பு.

ஊரில் தாலிக்கொடியை அடைவு வைத்துக் கட்டிய வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். இங்கே இருபத்தைந்து வருட மோட்கேஜ் கட்டுகிறோம். சொந்தக் காணிக்குள் போகமுடியாமல் நிற்பவளின் முகம் எங்களுக்குப் புதிதல்ல.

'வீடு' படத்தின் மூல நெகட்டிவ் இன்று இல்லை, பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. எங்களில் பலரிடம் காணி உறுதியும் போட்டோக்கொப்பியாகத்தானே இருக்கிறது.

2014 பெப்ரவரி 13 இல் அவர் சென்னையில் காலமானார். இந்தக் கிழமை பிள்ளைகளோடு இருந்து 'வீடு' பாருங்கள். ஊர் வீட்டைப் பற்றி அவர்கள் கேட்டால், கணக்கோடு சொல்லிக் கொடுங்கள்.