நாயும் உடன் வரும்

இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றுக்கு அருகில் உள்ளது மாட்டுப்பட்டி. தமிழில் ‘பட்டி’ என்பது கால்நடைகளை அடைக்கும் இடம். மலையாளத்திலோ அச்சொல் நாயைக் குறிக்கும். பிற நாட்டு விலங்குகளை வரவேற்றுப் பழகிய ஊர் இது. 1963ஆம் ஆண்டு இங்கே தொடங்கப்பெற்ற இந்திய – சுவிஸ் கூட்டுத் திட்டத்திற்காகச் சுவிட்சர்லாந்திலிருந்து ‘பிரவுன் சுவிஸ்’ இனக் காளைகள் கொண்டுவரப்பட்டன.

2022ஆம் ஆண்டு இம்மலைப்பகுதிக்கு ஒரு நாய்க்குட்டியும் நெடுந்தொலைவு கடந்து வந்தது. உக்ரைனில் போர் மூண்டபோது, அங்கு மருத்துவம் பயின்ற இம்மாவட்ட மாணவி ஒருவர், தாம் வளர்த்த ‘சைரா’ என்னும் சைபீரியன் ஹஸ்கி குட்டியை விட்டுவர மறுத்தார். ருமேனிய எல்லையை நோக்கிப் பேருந்தில் சென்றார், பின்னர் நடந்தார், குட்டி சோர்ந்தபோது தூக்கிச் சுமந்தார். வெளிநாட்டிலிருந்து செல்லப்பிராணியைக் கொண்டுவர வழக்கமாக முன் அனுமதி வேண்டும். போரின் காரணமாக, உக்ரைனிலிருந்து மீட்கப்பட்டோரின் நாய், பூனைகளுக்கு இந்திய அரசு ஒருமுறை மட்டும் விதியைத் தளர்த்தியது. ஆயினும், தில்லியிலிருந்து கொச்சிக்குச் செல்லவிருந்த விமானத்தில் நாய்க்கு இடம் மறுக்கப்பட்டது. மாணவி குட்டியைப் பிரியாமல் காத்திருந்து, வேறு விமானத்தில் ஊர் திரும்பினார்.

போர் இல்லாத காலத்திலும் இத்தகைய பிரிவு நேர்வதுண்டு. பெற்றோர்க்குப் பணியிட மாற்றம் வரும்போது, கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறுகின்றன. வாயில் காத்த நாய் தெருவில் நிற்கிறது. அழைத்துச் செல்லும் வழியை அறியாமையே பல வேளைகளில் இதற்குக் காரணம்.

விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கென 1978ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, நாய் பயணத்திற்கு ஏற்ற நலத்துடன் உள்ளது எனக் கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும். பயணத்திற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே உணவும் நீரும் அளித்துவிட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் உடன் இருத்தல் நன்று.

தொடர்வண்டியில் முதல் வகுப்புக் குளிர்பதனப் பெட்டியின் தனியறை முழுவதையும் பதிவு செய்தால், நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல், கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். விமானத்தில் சில நிறுவனங்கள் சிறிய நாயைப் பயணியுடன் அனுமதிக்கின்றன. பெரிய நாய் காற்றழுத்தம் சீராக்கப்பட்ட சரக்கு அறையில் பயணம் செய்யும். கூண்டினுள் நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே கூண்டை வீட்டில் வைத்துப் பழக்கினால் அச்சம் குறையும். தூக்க மருந்து கொடுப்பது மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு வெப்பமும் நெரிசலும் மிகுந்த இடர் தருவன. மகிழுந்தில் செல்வோர் இடையிடையே நிறுத்தி, நீர் தந்து, நாயைச் சிறிது நடக்கவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நாயைத் தனியே பூட்டி வைத்தல் அதன் உயிருக்கே கேடாகும்.

ஊர் மாறுவது மனிதர்களின் முடிவு. அம்முடிவில் நாய்க்குப் பங்கில்லை. ஆகவே, பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே அதற்கும் ஓர் இடம் தேடுவது வளர்ப்போரின் கடமையாகும்.

சிந்தித்து எழுதுக

1. பயணத்திற்கு முன் நாய்க்குச் செய்ய வேண்டியவை யாவை?
2. உன் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்கிறது எனக் கொள்க. வளர்ப்பு நாயை அழைத்துச் செல்லும் வழியைப் பெற்றோர்க்கு விளக்கிக் கடிதம் எழுதுக.